வாடைக்காற்றும் மிதிவண்டியும்

தமிழர் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் வைத்தனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலிருந்து வருவது வாடை. இந்நான்கனுள் வாடையின் பெயரால் நக்கீரர் ஒரு நெடும்பாட்டே இயற்றினார்; பத்துப்பாட்டினுள் அது நெடுநல்வாடை என விளங்குகிறது. ஜொகூர் மாநிலத்தில் நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று, வாடையும் கொண்டலும் கைகோத்து வந்தாற் போன்றது. அதன் பிறப்பிடம் பனிநாடு. வடகோடியில் சைபீரியப் பெருநிலத்தில் குளிர் முற்றி வெண்பனி குவியும் நாளில், அக்குளிர்காற்று அலையலையாய்த் திரண்டு தெற்கு நோக்கிப் பாய்கிறது. சீன நிலத்தைக் கடந்து தென்சீனக் கடலின்மேல் இறங்குகிறது. வெதுவெதுப்பான கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு மலாய்த் தீபகற்பத்தின் கீழ்க்கரையில் வந்து மோதுகிறது. அங்கே வாயிற்கதவை மூடும் பனியாக இருந்த குளிர், இங்கே மெர்சிங்கிலும் கோத்தா திங்கியிலும் குளுவாங்கிலும் சிகாமாட்டிலும் நாள்கணக்கில் ஓயாத மழையாகிறது.

இமயத்தின் வெண்பனியைப் பண்டைப் புலவர் அறிந்திருந்தனர். ஆயினும் ஆண்டின் ஆறு பருவங்களுள் இரண்டிற்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்ட மக்கள் தம் முற்றத்தில் கண்ட பனி, புல்நுனியில் நின்ற நீர்த்துளியே. பனித்தல் என்னும் சொல்லுக்கு நடுங்குதல் என்று ஒரு பொருள் உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு நனைந்த உடையோடு மிதிவண்டியில் ஏறிப் பால்மரக் காட்டுக்குப் புறப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு வெண்பனி தெரியாது. ஆனால் பனித்தலின் பொருள் நன்கு தெரியும்.

திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்கு வந்த தமிழர்க்கு வடகீழ்ப் பருவமழை புதியதன்று. சோழ மண்டலக் கரைக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழையைத் தருவதும் இதே பருவக்காற்றுதான். கடல் கடந்தும் அவர்கள் ஒரே பருவத்தின் ஆட்சியில்தான் வாழ்ந்தனர். ஆயினும் அம்மழையின் பொருள் முற்றிலும் மாறிவிட்டது. ஊரில் அது ஏரியை நிரப்பி, சம்பாப் பயிரைக் காத்து, தையில் பொங்கலாய் விளையும் மழை. வாராவிடில் வானத்தை நோக்கிக் கைகூப்பி வேண்டிய மழை. தோட்டத்திலோ அது கூலியைக் கொண்டுபோகும் மழை. ஒரு தலைமுறைக்குள் மழையை வாழ்த்தியவர் மழையை அஞ்சுவோராயினர். மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கப்பலையும் கங்காணியையும் லயத்தையும் கள்ளுக்கடையையும் விரித்துரைத்துள்ளனர். இந்த மாற்றத்தையும், அதனை நாள்தோறும் எதிர்கொண்ட மிதிவண்டியையும் அவர்கள் போதிய அளவு கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மிதிவண்டியின் பிறப்பிலேயே வானிலைக்கு ஒரு பங்கு உண்டென்று சில ஆய்வாளர் கருதுகின்றனர். 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள்கள் வானிற் பரவிக் கதிரவன் ஒளியை மறைத்தமையால், 1816ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே தோன்றாது போயிற்று. வட அமெரிக்காவின் சில பகுதிகளில் சூன் மாதத்தில் பனி பெய்தது. பயிர் பொய்த்தது, குதிரைக்குக் கொள்ளும் புல்லும் அரிதாயின. மறு ஆண்டே, 1817இல், செருமனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிராய்ஸ் என்பார் காலால் நிலத்தை உந்திச் செலுத்தும் ஈருருளி வண்டியை ஓட்டிக் காட்டினார். குதிரைப் பஞ்சமே அவரை அம்முயற்சிக்குத் தூண்டியது என்பது முடிந்த முடிபன்று. எனினும் எண்ணத்தக்க கருத்தாகும்.

அதற்குப் பின் நிகழ்ந்தவற்றில் ஐயத்திற்கு இடமில்லை. 1885இல் இங்கிலாந்தில் சான் கெம்ப் ஸ்டார்லி, இருசக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய்ச் சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் வண்டியை அமைத்தார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த சான் பாய்டு டன்லப், தம் மகனின் மூவுருளி வண்டி குலுங்காது ஓடுவதற்காகத் தாம் செய்து பார்த்த காற்றடைத்த இரப்பர் வளையத்திற்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டி மோகம் மேலைநாடெங்கும் பற்றியது. இரப்பரின் விலை ஏறியது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொணர்ந்த விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877இலேயே சிங்கப்பூரை அடைந்திருந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் எழுந்த பெருந்தேவை மோட்டார் வண்டியால் வந்தது என்பது உண்மையே. ஆயினும் கதவை முதலில் திறந்தது மிதிவண்டியின் சக்கரம். அச்சக்கரத்துக்காக நட்ட மரத்தைச் சீவத் தமிழன் அழைத்துவரப்பட்டான். அந்த மரத்தைச் சென்றடைய அவனுக்கே பின்னாளில் ஒரு மிதிவண்டி தேவைப்பட்டது. வரலாற்றில் இத்தகைய வட்டங்கள் அரியவை.

1909இல் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை நிறைவெய்தியபின், அதன் இருமருங்கும் காடு அழிந்து இரப்பர் எழுந்தது. சிகாமாட், லாபிஸ், பெக்கோக், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என அந்நிலையப் பெயர்கள் தமிழ்க் குடும்பங்களின் முகவரிகளாயின. தொடக்கத்தில் லயத்திலிருந்து காட்டுக்குக் கால்நடையாகவே சென்றனர். தோட்டங்கள் விரிந்து, சீவும் நிரைகள் லயத்தினின்று விலகிப்போகப் போக, நடை போதாதாயிற்று. இரப்பர் மரத்தில் பால் நன்கு ஓடுவது விடியலுக்கு முன்னும் வெயில் ஏறுமுன்னும் ஆகிய குளிர்ந்த வேளையில்தான். வெயில் ஏறினால் ஓட்டம் தளரும். ஆகவே, இரண்டு மூன்று கட்டை தொலைவை இருளிலேயே கடந்தாக வேண்டும். கட்டை என்பது மைலுக்குத் தோட்டத் தமிழர் இட்ட பெயர்; சாலையோரம் நட்ட மைற்கட்டையிலிருந்து வந்தது. கிலோமீட்டர் வந்து பல்லாண்டுகள் ஆகியும் அச்சொல் மறையவில்லை.

ராலே, ஹம்பர், ரட்ஜ், ஹெர்குலிஸ் என ஆங்கில வண்டிகள் பட்டணத்துச் சீனர் கடைகளில் தொங்கின. முன்பணம் கொடுத்துத் தவணையில் வாங்குவதே பெரும்பாலோர்க்கு இயல்வதாயிருந்தது. இங்கே ஒன்றைக் கூறுதல் வேண்டும். சீவும் கத்தியும் மங்கும் வாளியும் தொழிற்கருவிகளாகக் கருதப்பட்டன. ஆனால், தொழிலாளியை மரத்தடிக்குக் கொண்டு சேர்த்த மிதிவண்டி அவனுடைய சொந்தப் பொருளாகவே எண்ணப்பட்டது. அதன் விலை அவன் கூலியிலிருந்து போயிற்று. அதன் டயரும் டியூப்பும் சங்கிலியும் அவன் கூலியிலிருந்தே போயின. தோட்டத்து வரவு செலவில் எங்கும் ஏறாத அந்த வண்டியின்மேல்தான் தோட்டத்தின் காலைப் பொழுதே நடந்தது.

மழைக்காலம் வந்ததும் இவ்வுண்மை வெளிப்பட்டது. இரப்பர்ப் பட்டை நனைந்திருந்தால் சீவுதல் ஆகாது. வெட்டிய சாலின் வழியே மங்குக்குள் இறங்க வேண்டிய பால், ஈரப்பட்டையில் வழிதவறிப் பரவும். மழைநீர் மங்கில் நிறைந்து பாலைக் கரைத்துக்கொண்டு வழிந்தோடும். நனைந்த வெட்டுவாயில் பூஞ்சை நோய் பற்றிப் பட்டையையே அழுகச் செய்வதும் உண்டு. எனவே விடியலில் மழை பெய்தால் அன்று வேலையில்லை. சீவிய பின் பெய்தால் உழைப்பு உண்டு, பாலில்லை. நாட்கூலி வாங்கியவர்க்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இதில் கொடுமை யாதெனில், வானம் எப்போது வெளுக்கும் என்று எவர்க்கும் தெரியாது. நான்கு மணிக்குப் பெய்த மழை ஐந்தரைக்கு விடலாம். பெரட்டுக்கு வராதவன் பெயர் ஏட்டில் விடுபட்டுப் போகும். ஆகவே மழையில் நனைந்து காடுவரை சென்று, காத்திருந்து, வேலையில்லை என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பி வருவதும் மழைக்கால வழக்கமாயிற்று. பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையுதிர்க்கும்; அப்போதும் பால் குறையும். மழை விட்டதும் இலையுதிர்வு தொடங்குவதால், ஆண்டின் நான்கைந்து மாதங்கள் மெலிந்த மாதங்களாயின. தீபாவளிக் கடனும் பொங்கற் செலவும் அம்மாதங்களிலேயே வந்து விழுந்தன.

அந்தச் செம்மண் சாலைகளை அறியாதவர்க்கு அவற்றின் மழைக்கால இயல்பை விளக்குவது எளிதன்று. வெயிலில் கல்லாய் இறுகிக் கிடக்கும் மண், இரண்டு நாள் மழையில் பிசைந்த மாவாகும். அது சக்கரத்தில் ஒட்டும். ஒட்டியது மட்கார்டுக்குள் ஏறி அடையும். அடைந்தது இறுகிச் சக்கரத்தைச் சுழலவொட்டாது பிடித்துக்கொள்ளும். பத்து அடிக்கு ஒருமுறை இறங்கிக் குச்சியால் குடைந்தெடுக்க வேண்டும். இதனால் மழைக்காலம் தொடங்கியதும் முன்சக்கரத்து மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவோர் இருந்தனர். முகத்திலும் மார்பிலும் சேறு தெறிக்கும். ஆனால் வண்டி நிற்காது. இரண்டனுள் எது மேல் என்பதை அவரவரே தீர்மானித்தனர். டயரின் காற்றைச் சிறிது இறக்கிவிட்டால் அது அகன்று நிலத்தைக் கவ்வும் என்பதும் பட்டறிவால் விளைந்த உத்தியே. வடநாடுகளில் பனிமேல் மிதிவண்டி ஓட்டுவோரும் இதனையே செய்கின்றனர் என்பது வியப்புக்குரியது. ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒரே காற்று கொணர்ந்த இருவேறு துன்பங்களுக்கு ஒரே மருந்தைக் கண்டனர்.

இரும்பு ரிம்மில் ஈரம் படிந்தால் பிரேக்கட்டை வழுக்கும். சரிவில் வண்டி நில்லாது. அதனால் மேட்டிலிருந்து இறங்குமுன்பே பிரேக்கை மெல்லப் பலமுறை அழுத்தி ரிம்மின் நீரைத் துடைத்துக்கொள்வர். டயரில் உராய்ந்து மின்சாரம் தரும் டைனமோ, நனைந்த டயரில் வழுக்கிச் சுழலாமற் போக, விளக்கு மிக வேண்டிய வேளையில் அணைந்துவிடும். அப்போது துணை செய்தது நெற்றியில் கட்டிய கார்பைடு விளக்கு. கார்பைடுக் கல்லின்மேல் நீர் சொட்டச் சொட்ட எழும் வாயுவே அதில் எரியும். நீரால் எரியும் அவ்விளக்கு ஒன்றே மழைக்காலத்திற்கு ஏற்ற விளக்கெனத் தோன்றினும், காற்றும் சாரலும் அதன் சுடரையும் விட்டு வைத்ததில்லை.

மழையை எதிர்கொள்ளும் பெரும்பகுதி வேலை சாலையிலன்று, வீட்டில்தான் நடந்தது. லயத்து வீட்டின் முன்னிருந்த அஞ்சடியே வண்டியின் இடம். சாரல் அங்கும் வருமாதலால் இரவில் வண்டியை வீட்டுக்குள் ஏற்றிச் சுவரோரம் சாய்த்து வைப்பர். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாயிருந்த வீட்டில், பிள்ளைகள் பாய் விரிக்கும் இடத்தில் வண்டிக்கும் ஓர் இடம் விடப்பட்டது. திரும்பி வந்ததும் முதல் வேலை வண்டியைக் கழுவுவது. குளிப்பது அதன் பின்னரே. செம்மண் காய்ந்தால் கத்தியால்தான் சுரண்ட வேண்டியிருக்கும். பழந்துணியால் துடைத்து, கோழியிறகை எண்ணெயில் தோய்த்துச் சங்கிலியின் கணுதோறும் தடவுவர். எண்ணெய் வாங்க இயலாத வீட்டில் சமையலுக்கு வைத்த தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு போகும். ஒரு வாரம் கவனியாது விட்டால் சங்கிலி துருவேறி இறுகும். சங்கிலி அறுந்தால் ஒரு நாட்கூலிக்கு மேற்பட்ட செலவு. ஆகையால் வண்டியைக் காப்பது குடும்பத்தைக் காப்பதன் பகுதியாயிற்று.

உடலை மறைக்கக் கோணிச்சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் செருகிக் கொங்காணியாக்கித் தலையில் கவிழ்த்துக் கொண்டனர். ஊரில் ஆடு மேய்த்தோரும் வயலில் நாற்று நட்டோரும் இட்ட கொங்காணியே அது. கடல் கடந்து வந்து மிதிவண்டி ஏறிற்று. பின்னாளில் உரமூட்டையின் உட்பையாகிய பிளாஸ்டிக்கு அதன் இடத்தைப் பிடித்தது. பெண்டிர் நிலை இன்னும் கடினம். சீவுவோருள் பெண்கள் பலர். கணவன் வண்டியின் கேரியரில் ஒருபக்கமாக அமர்ந்து, மடியில் வாளியும் வாளிக்குள் சோற்றுப் பாத்திரமும் தாங்கிச் சென்றனர். சேற்றில் வண்டி சாய்ந்தால் முதலில் விழுபவள் அவளே. திரும்பியபின் நனைந்த உடைகளை அடுப்புக்கு மேலே கொடியில் உலர்த்துவதும், ஈரவிறகை ஊதி எரிப்பதும், மறுநாளைக்கு உலர்ந்த சட்டை ஒன்று உண்டா எனப் பார்ப்பதும் அவள் வேலையாகவே இருந்தன. மிதிவண்டியின் வரலாற்றை எழுதுவோர் ஓட்டியவனை மட்டும் எழுதுவது முறையன்று.

இம்மழைக்காலத்தில்தான் போரும் வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர் இறங்கினர். பருவமழையில் படை நகர்த்தல் கடினம் என்ற எண்ணத்தை அவர்கள் பொய்யாக்கினர். அதற்குப் பெரிதும் துணை நின்றவை ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள். போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் விற்பனையாகி வந்தமையால், உதிரி உறுப்புகளும் பழுது பார்ப்போரும் ஊர்தோறும் கிடைத்தனர். உடைந்த பாலங்களில் வண்டியைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தனர்; டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். 1942 சனவரி 14இல் கெமாசுக்கு அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து தாக்கியபோதும் அவர்கள் எதிரே வந்தது மிதிவண்டிப் படையே. அம்மாதம் 31ஆம் நாள் பிரிட்டிஷ் படையின் எஞ்சியோர் ஜொகூர் பாலத்தைக் கடந்து, பின்னால் அதனைத் தகர்த்தனர். லயத்து அஞ்சடிகளில் கொங்காணி உலர்த்தியபடி நின்ற மக்கள், தாம் நாள்தோறும் சேற்றில் செய்து வந்த அதே செயலால் ஒரு பேரரசு வீழ்ந்ததைப் பார்த்தனர். பின்னர் நிகழ்ந்தது அதனினும் முரணானது. ஆட்சிக்காலம் நீள நீள டயருக்குப் பஞ்சம் வந்தது. உலகிற்கே இரப்பர் தந்த நாட்டில் இரப்பர்க் குழாயை வெட்டி ரிம்மில் சுற்றி ஓட்டியவர் உண்டு. அந்த வண்டிகளில் ஓட்டி வந்த பலர், சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மீளாமற் போயினர்.

1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது மிதிவண்டி ஐயத்திற்குரிய பொருளாயிற்று. ஜொகூரின் காடுகள் கிளர்ச்சியாளரின் வலுவான இடங்களாயிருந்தன. முள்வேலிக்குள் லயங்கள் ஒருங்கு சேர்க்கப்பட்டன, அரிசி பங்கிடப்பட்டது, ஊரடங்கு நீங்கும்வரை வாயில் திறவாது. வேலியின் வாயிலில் வரிசையாய் நின்ற வண்டிகளைக் காவலர் ஆராய்ந்தனர். காற்றடிக்கும் பம்பினுள்ளும், இருக்கைக்குக் கீழுள்ள குழாயினுள்ளும் அரிசி மறைத்துக் கடத்தப்படுவதாக ஐயுற்றனர். அவ்வாறு கடத்தியோரும் இருந்தனர். மழை பெய்யும் வைகறையில் இச்சோதனை முடியும்வரை நனைந்து நின்றபின், தாமதமாய்க் காடு சேர்ந்து, பால் ஓட்டம் தளர்ந்த மரத்தைச் சீவினர். சோற்றுப் பாத்திரமும் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த இடங்களில் வெறும் வயிற்றோடு உழைத்தனர். 1960 சூலை 31இல் அவசரகாலம் முடிந்தது.

விடுதலைக்குப் பின்னைய தலைமுறையில் மிதிவண்டியின் கேரியரில் வாளிக்குப் பதில் புத்தகப் பை ஏறியது. ஆறாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி லயத்திற்கு அருகிலேயே இருந்தது. அதன்பின் புகுமுக வகுப்பும் இடைநிலைக் கல்வியும் பட்டணத்தில். பேருந்து ஓடிய பெருஞ்சாலைக்கு வரவே சில தோட்டங்களில் மூன்று நான்கு கட்டை செம்மண் சாலையைக் கடக்க வேண்டும். பள்ளி ஆண்டு சனவரியில் தொடங்கிய அந்நாளில், அத்தொடக்கம் மழையின் உச்சத்தோடு பொருந்தியது. புதுப் பள்ளி, புது மொழி, புது ஆசிரியர், கூலி குறைந்த மாதம், கூடவே மழை. வெண்சட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பைக்குள் வைத்து, பழஞ்சட்டையோடு ஓட்டிச் சென்று, பெருஞ்சாலையை அடைந்தபின் மாற்றிக்கொண்ட மாணவர் உண்டு. காலணியைக் கைப்பிடியில் தொங்கவிட்டுச் சென்றவரும் உண்டு. முதுகில் செம்மண் கோடு விழுந்த சட்டையோடு வகுப்புக்குள் நுழைந்தவன் எங்கிருந்து வருகிறான் என்பது எல்லார்க்கும் விளங்கும். தோட்டத்துப் பிள்ளை என்பதை அக்கோடே எழுதிக் காட்டியது. ஓடையின் மரப்பாலத்துக்கு மேல் நீர் ஓடிய நாளில் திரும்பி விடுவர். அவ்வாறு திரும்பிய நாட்கள் சில மாணவர்க்கு மூன்று, சிலர்க்கு முப்பது. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, மழையைக் காரணம் காட்டி நின்ற படிப்பு மீண்டும் தொடராமற் போனதும் உண்டு. படிப்பில் நாட்டமில்லை என்று அவர்களைப் பற்றிப் பொதுவாகக் கூறப்பட்ட தீர்ப்பில், சாலையைப் பற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை. மறுபுறம், அதே சாலையில் ஓட்டிப் படித்து ஆசிரியப் பயிற்சிக்குச் சென்று, அதே சாலையில் ஆசிரியராய்த் திரும்பி ஓட்டியோரும் பலர். அந்நாளில் தோட்டப்பள்ளி ஆசிரியரின் அடையாளங்களுள் குடையும் மிதிவண்டியும் அடங்கும்.

பின்லாந்தின் வடக்கே ஊலு என்றொரு நகரம் உண்டு. ஆண்டில் பல மாதங்கள் அங்கே நிலம் பனியால் மூடப்பட்டிருக்கும். ஆயினும் அங்குள்ள மக்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, மிதிவண்டியைக் கைவிடுவதில்லை. 2013இல் குளிர்கால மிதிவண்டிப் பயணம் பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு அந்நகரிலேயே கூடியது. அம்மக்களின் உடல் வலிமையே இதற்குக் காரணம் என்று கருதிவிடக் கூடாது. மிதிவண்டிப் பாதைகளின் பனியை நகராட்சி காலையிலேயே வழித்துச் சமன் செய்துவிடுகிறது. பனியை எதிர்கொள்வது அங்கே நகரத்தின் வேலை. ஜொகூர்த் தோட்டத்தில் மழையை எதிர்கொள்வது குச்சியும் கோழியிறகும் கோணியும் வைத்திருந்த குடும்பத்தின் வேலை. இரு நாடுகளின் செல்வநிலையும் காலமும் வேறு என்பது உண்மையே. எனினும் உலகிற்கு இரப்பர் விற்று வந்த தோட்டங்கள் பாலேற்றும் லாரிக்குச் சாலை அமைத்தனவேயன்றி, மிதிவண்டிக்கென ஒரு முழ அகலம் சரளையிட்டுக் கொடுப்பதைப் பற்றிப் பெரும்பாலும் எண்ணவில்லை.

மழை வெள்ளமாய் மாறிய ஆண்டுகள் தனியே குறிக்கத்தக்கவை. 1926 டிசம்பரில் தீபகற்பத்தையே மூழ்கடித்த பெருவெள்ளமும், 1971 சனவரியில் நாட்டுப் பேரிடராக அறிவிக்கப்பட்ட வெள்ளமும் முதியோர் நினைவில் நின்றவை. 2001 டிசம்பர் 27இல் வாமெய் என்னும் சூறாவளி ஜொகூரின் தென்கீழ்க் கரையில் ஏறியது. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் சூறாவளி உருவாகாது என்று பாடநூல்கள் கூறி வந்ததை அது பொய்யாக்கியது; வடக்கிலிருந்து பாய்ந்த குளிர்காற்றே அதன் தோற்றத்திற்கு ஒரு காரணம் என்பர். ஐவர் உயிரிழந்தனர். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் அடுத்தடுத்து இருமுறை வெள்ளம் வந்து, கோத்தா திங்கி, சிகாமாட் முதலிய இடங்களில் நூறாயிரத்துக்கு மேற்பட்டோரை வீட்டினின்று வெளியேற்றியது. 2023 மார்ச்சில், மழை முடிந்ததென்று எண்ணிய வேளையில், யோங் பெங், பத்து பஹாட் பகுதிகள் மூழ்கின.

வெள்ளநாளில் மிதிவண்டியை வீட்டு உத்திரத்தில் கயிறு கட்டித் தூக்கிவிடுவது பழைய வழக்கம். அரிசி மூட்டைக்கு அடுத்தபடி உயர்த்தப்படும் பொருள் அதுவே. நீர் வடிந்தபின் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குழாய்களுக்குள் புகுந்த நீரை வடிப்பர். அச்சைக் கழற்றி, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீசு இட்டுப் பூட்டுவர். இதனைச் செய்யாது ஓட்டினால் ஒரு மாதத்தில் அச்சு தேய்ந்துவிடும். வெள்ளத்திற்குப் பிந்திய இவ்வேலையைப் பத்து வயதுச் சிறுவர்களும் அறிந்திருந்தனர். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இயந்திரவியல் அது.

எழுபதுகள் முதல் மோட்டார்சைக்கிள் தோட்டத்துக்குள் பெருகியது. மரத்தைச் சுற்றி மழைகாப்புத் தகடு பொருத்தி ஈரத்தினின்று வெட்டுவாயைக் காக்கும் முறையும் பரவியது. ஆனால் அதற்குள் மரமே மறையத் தொடங்கிவிட்டது. இரப்பர் நின்ற மேடுகளில் செம்பனை ஏறியது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் வெறுமையாயின. தமிழ்க் குடும்பங்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் பெயர்ந்தன. லயத்துடன் சேர்ந்து பல பள்ளிகளும் இடம் மாறின, அல்லது மூடப்பட்டன. பெயர்ந்து வந்தோர் வீட்டுப் பின்புறங்களில் பழைய ராலே வண்டிகள் சில காலம் சாய்ந்து கிடந்தன. பின்னர் பழைய இரும்புக்காரர் அவற்றை எடைக்கு எடுத்துச் சென்றார்.

மாலை நேரத்தில் பகட்டான உடையும் தலைக்கவசமும் அணிந்து உடற்பயிற்சிக்காக மிதிவண்டி ஓட்டுவோர் இன்று ஜொகூர் பாருவில் மிகுதி. மழை வந்தால் அவர்கள் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி, விட்டபின் செல்கின்றனர். வைகறையில் அவ்வாறு ஒதுங்க இயலாத வேறு சிலர் அதே சாலைகளில் ஓட்டுகின்றனர். செம்பனைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் கூலிக்கு வந்த வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களே அவர்கள். டிசம்பர் மழையில் கூலாய்ச் சாலையோரமாக அவர்கள் செல்கையில், தலையையும் முதுகையும் மூடியிருப்பது உரமூட்டையின் உட்பை. அதன் ஒரு மூலை மறுமூலைக்குள் செருகப்பட்டிருக்கிறது.